நம்ம பந்து

கேமராவின் சிவப்பு விளக்கு தன் மேல் நிற்பதை அவள் பார்த்துவிட்டாள்.

மடியிலிருந்த மகரப்பா தொப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். சுரங்கத் தொழிலாளியின் தலைக்கவசம். அதை வெட்டி வளைத்து, தன் ஃபுட்பால் அணியின் பச்சையும் வெள்ளையும் பூசியது அவள்தான்.

போன சனிக்கிழமையும் இதே கேமராதான். செய்தியில் அவள் முகம் வந்தது. முகத்துக்குக் கீழே ஒரு வரியும் வந்தது.

‘இந்தியாவிலிருந்து வந்த விருந்தாளி.’

அவள் இங்கே, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்தவள். அவள் அம்மாவும் டர்பனில் பிறந்தவள். இந்தியாவை வரைபடத்தில் பார்த்ததோடு சரி.

மறுநாள் ரேடியோவுக்கு ஒருவன் போன் போட்டான். அவங்களுக்குத்தான் கிரிக்கெட் இருக்கே, ஃபுட்பால் மைதானத்தில் என்ன வேலை என்றான்.

மகனும் போன் போட்டான். போதும்மா, இனிமேல் வீட்டிலிருந்தே டீவியில் பாரு என்றான்.

அந்த டீவியிலா, என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

பக்கத்து இருக்கை டுமிசானிக்கு. இருபத்தாறு வருஷமாக ஒரு தூண் அவருக்குப் பாதி மைதானத்தை மறைக்கிறது. இன்று அவள் வந்து உட்காருவதற்குள் கிழவர் ஆரம்பித்துவிட்டார். கடல் தாண்டி வந்த விருந்தாளி எங்கள் தூணைப் பார்க்காமல் போகலாமா, வா, இடம் மாற்றிக்கொள்வோம் என்றார்.

அவள் ஊறுகாய் டப்பாவை அவர் கைக்கு எட்டாமல் தள்ளி வைத்தாள்.

கிழவரின் கண் டப்பா போன பக்கமே போனது.

பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனது. நடுவர் கை எதிர்ப்பக்கம் காட்டியது.

“நம்ம பந்து!”

அவள் கத்தினாள். வரிசை முழுக்க எழுந்து கத்தியது. ஜூலு பேசும் வாய்களில் அது கொஞ்சம் நீளும். நம்மா பந்து. அர்த்தம் யாரும் கேட்டதில்லை. அவள் வாயில் ‘நம்ம’ வந்தால் எழுந்து கத்த வேண்டும், அவ்வளவுதான்.

மைக்கோடு ஒருவன் படியேறி வந்தான். இளவட்டம். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. நேராக அவள் முன்னால் வந்து நின்றான்.

“எங்க ஆட்டம் உங்களுக்குப் பிடிச்சிருக்கா, ஆன்ட்டி?”

இங்கிலீஷில் கேட்டான். அந்த மொழியில் ‘எங்க’ என்றாலும் ‘நம்ம’ என்றாலும் ஒரே சொல்தான். அவன் எதைச் சொன்னான் என்று அவளுக்குத் தெரிந்தது. அம்மா பேசிய தமிழில் அவளிடம் மிஞ்சியது நூறு வார்த்தை இருந்தால் அதிகம்.

அந்த நூறில் இந்த இரண்டும் உண்டு.

பிறந்த ஆஸ்பத்திரி, படித்த பள்ளிக்கூடம், எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. விழுங்கினாள். சாட்சிக் கூண்டா இது?

மறைக்காதே, உட்கார் என்று பின்வரிசை சத்தம் போட்டது. அவன் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தான். இடமில்லை.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அவள் அரை இருக்கை நகர்ந்தாள். டுமிசானி சாக்கோடு சாக்காக ஊறுகாய் டப்பாவைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

வரிசைக்கெல்லாம் கேட்கும்படி ஜூலுவில் சொன்னாள்.

“உட்காரு தம்பி. விருந்தாளியை நிக்க வைக்கிற பழக்கம் நம்மகிட்ட இல்ல.”

அவன் உட்கார்ந்தான்.

‘நம்ம’ மட்டும் தமிழில் விழுந்திருந்தது.

வரிசை எழுந்து நின்று கத்தியது. அவளும் எழுந்தாள்.

உட்கார்ந்திருந்தது அவன் ஒருவன்தான்.