மண்ணடிக்கிற கான்ட்ராக்ட்

1991. புதிய ஃபாக்டரிக்கு மண்ணடிக்கிற கான்ட்ராக்ட் யாருக்கு என்று பென்னலூரில் மேலத்தெருவும் கீழத்தெருவும் பட்டப்பகலில் வெட்டிக்கொண்டன.

மேலத்தெரு பரசுராமன், தன் அண்ணனின் காலை ஒடித்த கீழத்தெரு ஜீவானந்தத்தின் கழுத்தில் புது அரிவாளை ஓங்கி இறக்கினான். தோல் கிழிந்து ரத்தம் வழிந்தது, அரிவாள் மடங்கிப்போனது. ஜீவானந்தம் திருப்பி வெட்டினான். பரசுராமனின் கழுத்திலும் அதே கதைதான்.

"யார்ரா ஒன் அருவாள அட்ச்சது?" என்று கத்தினான் பரசுராமன்.

"தண்டலம் கொல்லன் பொன்னுரங்கம்."

"எனக்கும் அவன்தான்டா அட்ச்சிக் குட்த்தான்!"

இரண்டு தெருவும் ஒன்றாகத் தண்டலத்துக்கு ஓடின. பட்டறையிலேயே பொன்னுரங்கத்தின் வலக்கையைச் சம்மட்டியால் நசுக்கினார்கள்.

"பதமே ஏத்தாத தகட்டக் குட்த்து ஏமாத்துனியாடா?"

"வோணும்னேதான் குட்த்தேன்," என்று அலறினார் அவர். "ரெண்டு பேரு கழுத்தும் எடத்துலதானே கீது?"

பரசுராமன் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். சம்மட்டி அவன் கையில்தான் இருந்தது.