உயரதிகாரி கையெழுத்திட்ட பலகை

"இன்னைக்கு இருவாச்சிப் பறவை வரலேன்னா, உங்க ஆளுங்களுக்கு இங்க வழிகாட்டி வேலை கிடையாது" என்று வழிகாட்டியை எச்சரித்துவிட்டு, வன உயரதிகாரி பறவை பார்க்க வந்த கூட்டத்தின் முன் தமது பன்னிரண்டு பக்க உரையை விரித்தார்.

காடர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வந்த வழிகாட்டி ராமி, அறிவிப்புப் பலகையைக் காட்டினாள்: 'பறவைக் கூடுள்ள மரத்தருகே பேசுவோர் வெளியேற்றப்படுவர்.' கீழே அவருடைய கையெழுத்து.

"நானுமா?"

"மரப் பொந்துக்குள்ள அடைகாக்குற பொண்டாட்டிப் பறவை பசியோட இருக்குதுங்கய்யா. பேச்சு கேட்டா, ஆம்பளப் பறவை பழத்தோட திரும்பிப் போயிருமுங்க."

அவர் வாயை மூடினார். சற்று நேரத்தில் சிறகிரைச்சலோடு வந்த இருவாச்சி, பொந்துக்குள் அத்திப்பழம் ஊட்டியது. கூட்டம் விரல் நுனிகளால் கைதட்டியது. அதிகாரி மகிழ்ச்சியில் துள்ளியே விட்டார்.

பிறகு உரையின் பின்பக்கத்தில் எழுதி நீட்டினார்: 'மறுபடி வருமா?'

ராமி பேனாவை வாங்கி, அதன் கீழே எழுதினாள்: 'வேலை உண்டுங்களா?'