சாட்சி கேசட்

"மாத்திரையை எல்லாம் ஆத்துல எறிஞ்சேன் தங்கச்சி. அன்னைக்கோட எம் மவ ரீபாவுக்கு வலிப்பு நின்னுட்டு" என்றார் தேவசிகாமணி.

கர்த்தர் செய்த அற்புதத்தைச் சாட்சி சொல்வதென்றால் சபை உபதேசியார் தேவசிகாமணிக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். நாங்குநேரியிலிருந்து பஸ் மாறி, பாளையங்கோட்டைக்கு அவரைத் தேடி வந்திருந்த லில்லி, நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஜெபம் பண்ணும்போது பிள்ளை தலையில எண்ணெய் வச்சீங்களா ஐயா? உபவாசம் நீங்க மட்டும் இருந்தீங்களா, அக்காவுமா?"

"ரெண்டு பேரும்தான். ஏன் கேக்கே?"

"எம் மவன் ஷிபினுக்கும் இதே வலிப்புதான். உங்க சாட்சி கேசட்டைக் கேட்டுட்டு நாங்களும் மாத்திரையை நிறுத்திட்டோம். நீங்க செஞ்சதுல எதையும் விட்டுட்டோமோன்னு கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்."

"ஸ்தோத்திரம்! சந்தேகப்படாம இரு. விசுவாசம் குறைஞ்சாதான் வலிப்பு திரும்பும்."

அவர் மனைவி சாலோமி காப்பி கொண்டுவந்து வைத்தாள். "எதுக்கும் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று இழுத்தாள்.

"நீ உள்ள போ!"

போனாள். கணவர் பேச்சை மீறி அவள் எதுவும் செய்ததாக அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது.

லில்லி விடைபெற்றுக் கிளம்பினாள். சாலோமிக்கு அடுப்படியில் இருப்புக்கொள்ளவில்லை. வாயைத் திறந்தால் இவருக்கு வேலை போகும், சபையில் தலைகாட்ட முடியாது. ஆனால் நாங்குநேரியில் ஒரு பிள்ளை மாத்திரை இல்லாமல் இருக்கிறதே! பின்வாசல் வழியாக ஓடிப்போய், தெருமுனையில் லில்லியின் கையைப் பிடித்தாள்.

"நான் சொல்லுதத அவர்ட்ட சொல்லிராத, லில்லி. அவர் எறிஞ்ச மறுநாளே நான் ஆஸ்பத்திரிக்குப் போயி வேற மாத்திரை வாங்கிட்டேன். இன்னைக்கு வரைக்கும் பால்ல பொடிச்சுப் போட்டு ரீபாவுக்குக் கொடுக்கேன். அதனாலதான் வலிப்பு வரல்ல."

சாலோமி பிடியை இறுக்கினாள்.

"என்னை என்ன வேணும்னாலும் ஏசு. ஆனா இப்பமே வீட்டுக்குப் போ. ஷிபினை டாக்டர்ட்ட தூக்கிட்டு ஓடு. ஒருநா கூடத் தள்ளிப்போடாத."

சொல்லி முடித்ததும் சாலோமிக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் மறைத்ததற்கு ஈடாக ஒரு பிள்ளையையாவது காப்பாற்றிவிட்டோம் என்று மனசு ஆறியது.

லில்லி கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"உபவாசத்தன்னைக்கு மயக்கம் வந்து ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டேன்க்கா. போன மாசம் ஷிபினை அடக்கம் பண்ணினதுல இருந்து, அந்தக் கஞ்சிதான் எம் பிள்ளையைக் கொன்னுட்டுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."