மேடையில் கிடைத்த வேலை

வட்டாரச் சங்கங்களும் கம்பெனிகளும் கைகோத்து நடத்திய வேலைவாய்ப்பு முகாம் அது. வேலை கேட்டு வந்தவர்கள் முந்நூறு பேர். மேடையில் பேசியவர்கள் மட்டும் பதினொரு பேர்.

"எத்தனை வருஷமா வேலை தேடுறீங்க?" என்று மைக்கில் கேட்டார் சங்கத் தலைவர்.

"நாலு வருஷமாங்க," என்றார் மேடையேறிய சலவைச் சட்டைக்காரர்.

"இனிமே தேட வேண்டாம்."

தலைவர் உறையில் போட்டு நீட்டிய வேலை உத்தரவை அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். "இனி என் பொண்ணு முகத்துல தைரியமா முழிப்பேங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேமராக்காரர் சுற்றிச் சுற்றி எடுத்தார். நமக்கும் விடியும் என்று நம்பி, வரிசையில் நின்றவர்கள் பலமாகக் கைதட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால் காத்திருந்த சங்கச் செயலாளர், இறங்கி வந்தவரிடமிருந்து அந்த உறையை வாங்கி, கசங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"போன முகாமைவிட அழுகை நல்லா வந்துச்சு. அடுத்தது பக்கத்து ஊர்ல. மீசையை மழிச்சிட்டு வந்துடுங்க, யாராச்சும் அடையாளம் கண்டுபிடிச்சிடப் போறாங்க."

சட்டைக்காரர் தயங்கினார். "சார், நெசமாவே எனக்கு ஒரு வேலை வேணும். அங்க ஒரு தடவை நானும் வரிசையில நின்னு பாக்கட்டுமா?"

செயலாளர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"என்னங்க பேசறீங்க? வெளிய முந்நூறு பேர் வேலையில்லாம நிக்கறாங்க. நீங்க கையில இருக்கற வேலையை விடறேங்கறீங்க."