பலாமரம் போட்ட சோறு

பலாமரத்தின் கிளையொன்றை வேர்களால் பற்றிக்கொண்டு ஓர் ஆர்க்கிட் செடி வளர்ந்தது. தோப்புக்கு வருகிற அணில், காக்கை எல்லோரிடமும் பலாமரம் சொல்லும்: "இவளுக்குச் சோறு போடுறதே நான்தான்."

"உட்கார இடம் கொடுத்த, சரி. சோறு எப்ப போட்ட?" என்று கேட்டது ஆர்க்கிட். "நான் குடிக்கிறது மழையும் பனியும். என் வேர் உன் பட்டையைத் தாண்டி உள்ளே போனதே இல்ல."

"வாய் மட்டும் குறையல. நான் இல்லைன்னா ஒரு வாரம் தாங்குவியா?"

ஆடிக் காற்றில் அந்தக் கிளை முறிந்து, செடியோடு வேலியில் போய் மாட்டிக்கொண்டது. கிளையின் இலைகள் நாலே நாளில் சருகாகிவிட்டன. செடியும் கருகிவிடும் என்று பலாமரம் காத்திருந்தது. மழைக்காலம் போய்ப் பனிக்காலமும் போனது. சித்திரையில் ஒரு காலை தோப்பே மணத்தது.

வேலிவரை ஓடிப் பார்த்துவிட்டு வந்த அணில், "அவ பூத்திருக்கா, கொத்துக் கொத்தா" என்றது.

பலாமரம் நிமிர்ந்துகொண்டது. "பார்த்தியா, காய்ஞ்சு போன பிறகும் என் கிளை அவளுக்குச் சோறு போடுது."

வேலியிலிருந்து ஆர்க்கிட் சொன்னது: "அப்போ மிச்சக் கிளையையும் முறிச்சுப் போடேன். இன்னும் நல்லாப் பூக்கிறேன்."