சாம்பிள் குடும்பம்

திரையில் வந்து நின்ற குடும்பத்தைக் கம்ப்யூட்டர் மிஸ்ஸுக்கு நன்றாகவே தெரியும். பச்சைப் புல்வெளி, பல் தெரியச் சிரிக்கும் அப்பா, அவர் தோளில் சாய்ந்திருக்கும் அம்மா, இரண்டு பையன்கள், காலடியில் ஒரு நாய். ஸ்லைடு செய்யும் மென்பொருளில் 'குடும்பம்' என்று தட்டினால் முதலில் வந்து விழும் சாம்பிள் படம் அது.

திரைக்குப் பக்கத்தில் நின்றவளுக்கு வகுப்பு வைத்திருந்த பெயர் மியூட். வருஷ நடுவில் வந்து சேர்ந்தவள். கேட்டால் ஆமாம், இல்லை. அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது. குழுவாகச் சேர்ந்து ஸ்லைடு செய்யச் சொன்னால் அவளை மட்டும் யாரும் கூப்பிட மாட்டார்கள். கடைசி மூலைக் கம்ப்யூட்டரும் அவளுமாக ஒரு குழு.

சாப்பாட்டு நேரத்தில் மற்றதுகள் மைதானத்துக்கு ஓட, இவள் லேபில் தனியாக உட்கார்ந்து மென்பொருளில் இருக்கும் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பாள். கூப்பிட ஆளில்லாத பிள்ளை, எதையோ பார்த்துவிட்டுப் போகட்டும் என்று மிஸ்ஸும் விட்டுவிடுவார்.

அப்படிப்பட்டவள் இன்று 'என் குடும்பம்' என்று பேசத் தானாகவே கை தூக்கியதும் மிஸ்ஸுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷம் முதல் ஸ்லைடு வரைக்கும்தான் தாங்கியது.

முதல் ஸ்லைடில், கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்க ஒரு டாக்டர். "இவரு எங்கப்பா" என்றாள். அடுத்ததில் அதே மனிதர் உயரமான தொப்பியோடு சமையல்காரராக நின்றார். மூன்றாவதில் ஹெல்மெட் போட்ட இன்ஜினியர், நான்காவதில் பைலட். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

"உங்கப்பாவுக்கு எத்தனை வேலைடி?" என்று முன் வரிசைக்காரி ஒருத்தி கேட்டாள்.

"ஒவ்வொரு நாளும் ஒரு வேலை. கோட்டு, தொப்பி எதுவும் அவரோடது இல்ல. சாயங்காலம் கழட்டிக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்துடுவாரு."

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அந்த வகுப்பு கேட்டதே இல்லை. ஒரே ஆளைத் தேடித் தேடி எடுத்திருக்கிறாளே என்று மிஸ்ஸுக்கு உள்ளூர மெச்சத்தான் தோன்றியது. ஐந்தாவதாக, அதே ஆள் அப்பாவாக நின்ற அந்தப் புல்வெளிக் குடும்பம் வந்தபோதுதான் இதற்கு மேல் சும்மா இருக்க முடியாது என்று எழுந்தார்.

ஏனென்றால் சட்டம் போட்டதே அவர்தான். வீட்டுப் படம்தான் வைக்க வேண்டும், மென்பொருளோடு வரும் படத்தை ஒட்டினால் எல்லாருக்கும் முன்னால் அழிக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சற்று முன்தான் ஒருவன் தன்னுடையது என்று சொன்ன நாய்க்குட்டியை அழித்துவிட்டு முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தான்.

"இந்தப் படமெல்லாம் எங்கேருந்து எடுத்த?"

"இந்த சாஃப்ட்வேர்லேருந்துதான் மிஸ்."

மறைக்கவும் தெரியவில்லையே என்றிருந்தது. "வீட்ல அப்பா படம் ஒண்ணுகூட இல்லியா?"

"எல்லாம் அப்பா போன்ல இருந்துச்சு மிஸ். ஆக்சிடென்ட்ல அதுவும் ஒடைஞ்சு போச்சு."

வகுப்பில் சிரிப்பு நின்றது. அம்மா எப்போதோ போய்விட்டாள், போன வருஷம் அப்பாவும், இப்போது பெரியம்மா வீட்டில் இருக்கிறாள் என்று ஆசிரியர் அறையில் யாரோ சொன்னது மிஸ்ஸுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இப்படி ஒரு தலைப்பைக் கொடுத்த தன்னைத்தான் முதலில் நாலு சாத்து சாத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

ஆனாலும் நாய்க்குட்டிக்காரன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரிம்மா, இதை அழிச்சிடு. எல்லாருக்கும் ஒரே சட்டம்தானே? நாளைக்குப் பெரியம்மாவோட ஒரு போட்டோ எடுத்துட்டு வா. நானே கூட உக்காந்து செஞ்சு தர்றேன்."

மௌஸின் மேல் இருந்த சின்னக் கை அசையவில்லை.

"அழிக்க மாட்டேன் மிஸ்."

"இங்க பாரு..."

"எனக்கு மார்க் வேண்டாம் மிஸ். அழிக்க மட்டும் சொல்லாதீங்க." கண் நிறைந்துவிட்டது. ஆனால் குரல் உடையவில்லை.

மிஸ் அவள் பக்கத்தில் போய்க் குனிந்தார். மற்றவர்களுக்குக் கேட்காமல் தாழ்ந்த குரலில் பேசினார். "அப்பா இல்லைன்னு சொல்றதுல என்னம்மா வெக்கம்? ஆசையா இருக்குங்கறதுக்காக யாரோ ஒருத்தரைக் காட்டி அப்பான்னு சொல்லலாமா? அந்தப் படத்துல இருக்கறவங்க யாருன்னாவது உனக்குத் தெரியுமா?"

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையை ஒரு தடவை பார்த்தாள். தோளில் சாய்ந்திருந்த அந்த அம்மாவை, இரண்டு பையன்களை, நாயை.

"போட்டோவுக்கு நிக்கிறதுதான் மிஸ் எங்கப்பாவோட வேலை. கூட இருக்கறவங்கதான் யாருன்னு தெரியல."