குடத்தில் எழுதிய கோரிக்கை

குறுக்குத் தெருக் குழாயை நகராட்சித் தலைவர் மூடிவிட்ட பிறகு, பூங்காவனத்துக்குக் குடிநீர் கிடைக்கும் ஒரே இடம் அந்தத் தலைவர் வீட்டு வாசலில் இருந்த பொதுக்குழாய்தான். அந்தத் தெருமுனையில் ஒரு காவல் கம்பம் நின்றது. தலைவரை யாரேனும் பின்தொடர்கிறார்களா என்று அது கவனிக்கும். ஒருவரை அப்படிக் கருதி மூன்று முறை எண்ணிவிட்டால் சிவந்துவிடும். பிறகு ஓராண்டுக்கு அந்த ஆள் அத்தெருவில் கால் வைக்க முடியாது.

"முந்தாநாள் தட்டி புடிச்சு நாள் பூரா கோஷம் போட்டேன், பச்சையாவே இருந்துச்சு. இன்னிக்கு ஒரு குடம் தண்ணிக்கு வந்து போறதுக்குள்ள ரெண்டு எண்ணிடுச்சே! என்ன தம்பி நியாயம்?" என்று காவலர் இருதயராஜிடம் பொரிந்து தள்ளினாள் பூங்காவனம்.

"கோரிக்கை எழுதியிருந்தா அது போராட்டம்க்கா. சும்மா வந்தா பின்தொடர்றது. கம்பத்துக்கு எழுத்துதான் தெரியும், குடம் தெரியாது."

"கையில தட்டி, இடுப்புல குடமா? நான் என்ன அம்மனா, நாலு கையோட பொறக்க?"

மறுநாள் குடத்தின் மேலேயே சுண்ணக்கட்டியால் 'குடிநீர் வேண்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். கம்பம் பச்சை காட்டியது. இருதயராஜ் வாய்விட்டுச் சிரித்தார். அவளும் பூரித்துப்போய், குடம் வழிய வழியப் பிடித்து இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பினாள்.

கம்பம் சிவந்தது. வழிந்த தண்ணீர் எழுத்தைக் கழுவிவிட்டிருந்தது.

"வரும்போது எழுத்து இருந்துச்சே! நீங்களும் பார்த்தீங்களே தம்பி!"

"பார்த்தேன்க்கா. என் பேச்சை அது கேக்காதே."

பூங்காவனம் இடுப்புக் குடத்தைக் குனிந்து பார்த்தாள். இனி ஓராண்டுக்கு அவள் வீட்டுக்கு உள்ள குடிநீர் அவ்வளவுதான்.